தக்காளிக்குக் கொடுக்கும் ரூபாய் யாருக்குப் போகிறது?

கடையில் தக்காளிக்குக் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயிலும் அதை விளைவித்தவர் கைக்குப் போவது சுமார் 33 காசு. வெங்காயத்தில் 36, உருளைக்கிழங்கில் 37. ரிசர்வ் வங்கியின் ஆய்வுக் கட்டுரைகள் 2024-ல் சொன்ன கணக்கு இது. மீதி கமிஷன், ஏற்றுகூலி, இறக்குகூலி, லாரி வாடகை, அழுகல், கடைக்காரர் லாபம் என்று வழியிலேயே கரைந்துவிடுகிறது.

இடையில் இருப்பவர்கள் எல்லாரையும் திட்டுவது நியாயமல்ல. நடவு நேரத்தில் கைமாற்றாகப் பணம் கொடுத்து உதவுவது பல ஊர்களில் மண்டிக்காரர்தான். ஆனால், முன்பணம் வாங்கியவர் அந்த மண்டியிலேயே சரக்கைப் போட்டாக வேண்டும். அங்கே கேட்ட விலைதான் விலை. வரத்து பெருகினால் பறிகூலிக்குக்கூடக் கட்டாது. பழத்தைச் செடியிலேயே விடுவதும் சாலையோரம் கொட்டுவதும் தருமபுரி, ஒட்டன்சத்திரம் பக்கம் பழகிப்போன துயரம். 2023 ஜூலையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது நாடே தக்காளியைப் பற்றிப் பேசியது. விலை சரியும் மாதங்களில் அந்தப் பேச்சு எழுவதில்லை.

இதற்கு ஒரு மாற்று தமிழ்நாட்டில் ஏற்கெனவே இருக்கிறது. விவசாயிகளே நேரடியாக விற்கும் பஞ்சாபின் அப்னி மண்டி, ஆந்திரத்தின் ரைத்து பஜார் ஆகிய சந்தைகளின் வரிசையில், 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. அடையாள அட்டை உள்ள விவசாயிக்குக் கடை வாடகை கிடையாது; தராசும் இலவசம். மொத்த விலையைவிடக் கூடுதலாக, சில்லறை விலையைவிடக் குறைவாக அன்றன்று விலை வைத்துப் பலகையில் எழுதிவிடுகிறார்கள். விற்பவருக்கும் வாங்குபவருக்கும் ஒருசேரக் கட்டுப்படியாகும் ஏற்பாடு இது.

விடியும் முன்பே ஈரச் சாக்கில் சுற்றிய கீரைக்கட்டுகள் முதல் பேருந்தில் சந்தைக்கு வந்து இறங்குகின்றன. முந்தைய நாள் சாயங்காலம் பறித்த வெண்டைக்காய், நுனியை ஒடித்தால் ‘டக்’கென்று முறிகிறது. அந்த வெண்டைக்காய்க்குத்தான், “ரெண்டு ரூபா கொறச்சுக்கோம்மா” என்று பேரம் நடக்கிறது. குளிரூட்டிய கடையில் ஒட்டியிருக்கும் விலையை ஒருவரும் வாய் திறந்து கேட்பதில்லை. கோணல் கத்தரிக்காயை ஒதுக்கித் தள்ளும் பழக்கமும் அப்படித்தான். கோணலால் சுவை கெடுவதில்லை, விளைவித்தவரின் வருமானம்தான் கெடுகிறது.

சந்தைகளிலும் குறை உண்டு. விவசாயி என்ற பெயரில் வியாபாரிகள் நுழைகிறார்கள் என்பது பழைய புகார். அட்டைகளை அதிகாரிகள் அடிக்கடி சரிபார்க்க வேண்டும். காலையில் வேலைக்கு ஓடுபவர்களுக்கு உழவர் சந்தை எட்டாத இடமாகவே இருக்கிறது. எல்லா ஊர்களிலும் அது மாலையிலும் இயங்க வேண்டும். அதுவரை விடுமுறை நாள் காலையிலாவது பையை எடுத்துக்கொண்டு உழவர் சந்தைக்குப் போங்கள். பலகையில் எழுதிய விலையை அப்படியே கொடுத்து வாங்குங்கள்.