ஊசி நின்ற இடம்

கைக்குழந்தைக்காரியின் கைவேலை வெறும் பொழுதுபோக்கு, படைப்புக்குத் தனிமையும் இடைவிடாத நேரமும் வேண்டும் என்கிறார்கள். தருமபுரி மாவட்டம் சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கின் லம்பாடிப் பெண்களின் தையல் இந்த வாதத்தைப் பொய்யாக்குகிறது. அங்கே ஏறக்குறைய மறந்துபோயிருந்த எம்பிராய்டரி, 2006இல் தொடங்கிய 'போர்கை' அமைப்பின் வழியே மீண்டது. போர்கை என்றால் அவர்கள் பேச்சில் பெருமிதம். துணியின் இழைகளை எண்ணி எண்ணிப் போடும் தையல் அது. பிள்ளை அழுதால் ஊசியைத் துணியிலேயே செருகிவிட்டு எழலாம். திரும்பி வந்து, விட்ட இழையிலிருந்து எண்ணிக்கொள்ளலாம். போட்ட தையல் கலையாது. இடையூறைத் தாங்கும்படியே அமைந்த கலையை, இடையூறு இருப்பதாலேயே கலையல்ல என்பது என்ன நியாயம்?

இது தாயின் இரட்டைச் சுமையை அழகுபடுத்துவதாகாதா என்று கேட்கலாம். சரியான கேள்விதான். சுமை இருக்கிறது, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் இன்னொரு கை வேண்டும் என்பதிலும் மாற்றுக்கருத்தில்லை. ஆனால் சுமையைக் காட்டிப் படைப்பை மறுப்பது அவளுக்கு இரண்டாவது அநீதி. 'பொழுதுபோக்கு' என்ற அந்தச் சொல்தான் (இதில் எனக்குக் கோபமே உண்டு) கூலியைக் குறைக்கவும் வழிசெய்கிறது: சும்மா இருந்த நேரத்தில் செய்ததுதானே என்று பேரம் பேசவைக்கிறது. எண்ணிப் போட்ட ஒவ்வொரு இழைக்கும் அவள் கண்ணும் கணக்கும் செலவாகியிருக்கின்றன. விலையில் அது தெரிந்தாக வேண்டும்.