வெளிச்சத்தை மறைக்கும் உபயம்

கோயில் மண்டபத்துக் குழல்விளக்கைப் பார்த்திருப்பீர்கள். ஒளி தருவதற்காக மாட்டப்பட்ட விளக்கு. ஆனால் அதன் மேனியெங்கும் எழுத்து! 'உபயம்: இன்னார், இன்ன கடை, இன்ன ஊர்.' எழுத்து பெருக்கப் பெருக்க வெளிச்சம் சுருங்குகிறது. கொடுத்தவர் பெயர் பளிச்சிடுகிறது. கீழே நிற்பவர் முகம் இருளில் கிடக்கிறது. நம் நாட்டுக் கொடையின் கதையை அந்த ஒற்றை விளக்கே சொல்லிவிடுகிறது.

நாம் பேச வந்தது கோயில் விளக்கைப் பற்றியன்று. கல்லூரி வாயிலில் ஏழை மாணவனுக்கென்று ஏற்றப்படும் விளக்கைப் பற்றி. அங்கேயும் பெயர்தான் எரிகிறது. விளக்கு எரியவில்லை என்று கூற வந்தோம்.

நம் வகுப்பறையிலிருந்து சென்ற மாணவன் ஒருவன். தந்தை இல்லை. தாய் செங்கற்சூளையில் கூலி. குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் அவனே. கல்விக்கு நிதி வழங்கும் அமைப்பு ஒன்று அவனைத் தேர்ந்தெடுத்தது. விண்ணப்பம் எழுதிக் கொடுத்தவர் நாம். விழாவுக்கு அழைத்துச் சென்றவரும் நாமே. மேடை இருந்தது, மாலை இருந்தது, பொன்னாடை இருந்தது, ஒலிபெருக்கி இருந்தது. பொன்னாடை கொடுத்தவர்க்கு, ஒலிபெருக்கி பெற்றவனுக்கு! "இவன் தந்தை குடித்தே மாண்டார், இவன் தாய் செங்கல் சுமக்கிறார், இவன் வீட்டில் இரவில் அடுப்பு எரிவதில்லை" என்று அறிவித்தார் வரவேற்புரையாளர். கூட்டம் 'உச்சு'க் கொட்டியது. பையன் தலை குனிந்தான். "தலையை நிமிர்த்து, தம்பி" என்றார் புகைப்படக்காரர். ஒரே காசோலையை நால்வர் பிடித்துக்கொண்டு சிரித்தனர். மறுநாள் அந்தப் படம் நாளேட்டில் வந்தது. அதற்கு அடுத்த நாள் அவன் வகுப்புத் தோழர் ஒவ்வொருவர் கைப்பேசியிலும் வந்தது.

மறு ஆண்டுத் தவணையைப் பெற அவன் செல்லவில்லை. சில கிழமைகளில் கல்லூரிக்கும் செல்லவில்லை. திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறான் என்று கேள்வியுற்று, விடுமுறை நாளொன்றில் தேடிச் சென்றோம். "பணம் கிடைத்ததேயடா, ஏன் வந்தாய்?" என்றோம். "பணம் கிடைச்சது சார். அடுத்த வருசமும் அந்த மேடையில ஏறணுமே!" என்றான்.

அந்த விண்ணப்பத்தை எழுதிய கை நம்முடையது. அந்தக் குற்றத்தில் நமக்கும் பங்குண்டு. ஆகவேதான் எழுதுகிறோம்.

மாணவன் ஒருவன் கல்லூரியை விட்டு நின்றான் என்றால், கட்டணம் கட்ட வழியில்லை போலும் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். அரசு கலைக் கல்லூரியில் கட்டணம் சிறிது. கட்டணத்துக்கு வெளியே உள்ள செலவே பெரிது. தங்க இடம், உண்ண உணவு, உடுக்க மாற்றுடை, பேருந்து, நூல், தேர்வுக் கட்டணம். இவை போக, அவன் படிக்கும் மூன்றாண்டும் வீட்டுக்கு வராமற்போகும் கூலி! தாய் ஒரு மாதம் நோயுற்றுப் படுத்தால் மகன் படிப்பும் உடன் படுக்கிறது.

இவை கண்ணுக்குத் தெரியும் சுவர்கள். தெரியாத சுவர்களும் உண்டு. தமிழில் பயின்று வந்த பிள்ளை, ஆங்கிலத்தில் பாடம் நடக்கும் அறையில் கடைசி வரிசையில் ஊமையாகிறதே, அது ஒரு சுவர். 'எந்த ஊர்? ஊரில் எந்தத் தெரு?' என்று விடுதி அறைத் தோழன் கேட்கிறானே, ஊரையா கேட்கிறான்? சாதியைக் கேட்கிறான்! அது ஒரு சுவர். பட்ட துயரை வீட்டில் சொன்னால், 'போதும், வந்துவிடு' என்பார்களோ என அஞ்சி வாயை மூடிக்கொள்கிறாளே பெண்பிள்ளை, அது இன்னொரு சுவர். காசோலை எந்தச் சுவரையும் தானே இடிக்காது. இடிக்கும் கையும் உடன் வேண்டும்.

சான்று கேட்பீர்களாயின், அண்ணல் அம்பேத்கர் வாழ்வைக் காட்டுகிறோம். 1913-இல் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெயிக்வாட் அவருக்கு மாதம் 11.5 பவுன் வீதம் மூன்றாண்டு உதவித்தொகை வழங்கினார். தீண்டத்தகாதவன் என்று ஒதுக்கப்பட்ட இளைஞரை அந்தப் பணம் நியூயார்க்கின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் கொண்டு சேர்த்தது. நல்ல கொடை, நாடே நன்றி சொல்ல வேண்டிய கொடை. ஆனால் கதை அங்கே முடியவில்லை. ஒப்பந்தப்படி பணியாற்ற 1917-இல் அவர் பரோடா வந்தபோது, தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. சாதியை மறைத்துப் பார்சி விடுதியொன்றில் தங்கினார். பதினோராம் நாள் தடி ஏந்திய கூட்டம் வந்து அவரை வெளியேற்றியது. மன்னர் படிப்பைக் கொடுத்தார். மன்னரின் தலைநகரம் ஒரு பாய் விரிக்க இடம் கொடுக்கவில்லை! பணம் திறந்த கதவைச் சாதி சாத்திற்று.

இதை நன்குணர்ந்த கொடையாளர் நம்மிடையே இருந்தார். வெளியூரிலிருந்து சென்னைக்குப் படிக்க வந்த பார்ப்பனரல்லாத மாணவர்க்கு அந்நாளில் தங்குமிடம் கிடைப்பதே அரிது. அறிவிருந்தும், இடம் கிடைத்தும், தலைசாய்க்கக் கூரையின்றித் திரும்பிய பிள்ளைகள் எத்தனை எத்தனையோ! மருத்துவர் சி. நடேசனார் என்ன செய்தார்? மேடை போட்டாரா? பொன்னாடை போர்த்திக்கொண்டாரா? 1916-இல் திருவல்லிக்கேணியில் ஒரு வீட்டைப் பிடித்துத் 'திராவிடர் இல்லம்' என்று பெயரிட்டார். உண்ண ஓர் இலை, உறங்க ஓர் இடம், பேசத் தன்னையொத்த தோழர். மாணவனுக்கு எது தடையோ அதையே நீக்கியது அந்த இல்லம். அதே ஆண்டின் இறுதியில்தான் தென்னிந்திய நல உரிமைச் சங்கம் தோன்றியது. இயக்கம் கொடி ஏற்றுமுன் விடுதி ஒன்றைத் திறந்தது! இதை நம் தோழர்கள் மறக்கலாகாது.

இன்னொரு கொடையையும் பாருங்கள். பச்சையப்பர் 1794-இல் மறைந்தார். தாம் ஈட்டிய பெரும் பொருளைக் கோயில் பூசைக்கும் திருப்பணிக்கும் எழுதி வைத்தார். ஆண்டுகள் பல உருண்டன. பொருள் பொறுப்பாளர் கைகளில் சிக்கிச் சீரழிந்தது. வழக்கு மன்றம் ஏறியது. அரசு வழக்கறிஞராயிருந்த ஜார்ஜ் நார்ட்டன் முயன்று மீட்ட பிறகே, மிஞ்சிய பணம் கல்விக்குத் திரும்பியது. 1842-இல் பள்ளி, 1889-இல் கல்லூரி. அந்தக் கல்லூரியில்தான் காஞ்சியின் நெசவாளர் குலத்திலிருந்து வந்த அறிஞர் அண்ணா பயின்றார். பூசைக்கு ஒதுக்கிய பணத்தில் மிஞ்சியதே இத்தனை செய்ததென்றால், முழுவதும் கல்விக்கே வந்திருந்தால் என்ன செய்திருக்காது?

ஆனால் அந்த அறத்திலும் ஒரு கறை உண்டு. ஆதித்திராவிடர்க்கு அதன் வாயில் நெடுங்காலம் சாத்தியே கிடந்தது. இந்து அல்லாதார்க்கு 1947 வரை திறக்கவில்லை. 'அது அந்தக் காலம்' என்று புன்னகை புரியாதீர்கள். எம் குலத்தவர்க்கு மட்டும் உதவித்தொகை, எம் குலத்தவர்க்கு மட்டும் விடுதி என்று இன்றும் அறிக்கை விடுவோர் இல்லையா? பசிக்குக் குலம் உண்டா? தேர்வுக் கட்டணத்துக்குக் கோத்திரம் உண்டா? சாதிச் சுவரை இடிக்க வந்த கல்வியை, அதே சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கப் பயன்படுத்துவது அறமா?

'உரிமை கேட்கும் இயக்கத்தார் கொடை கேட்கலாமா?' என்று சிலர் மடக்குகிறார்கள். நியாயமான கேள்வி, நேராகவே விடை தருவோம். கல்வி உரிமை, அதைத் தர வேண்டியது அரசு. 2020-இல் அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவக் கல்வியில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு வந்தது. இடம் கிடைத்த ஏழைப் பிள்ளைகள் தனியார் கல்லூரிக் கட்டணத்தைக் கண்டு திகைத்து நின்றனர். அரசே செலுத்தும் என்று அறிவிப்பு வந்த பின்புதான் அவர்கள் மூச்சு விட்டனர். அத்தனை பெருஞ்சுமையை எந்த வள்ளலும் தாங்கமாட்டார். 2022-இல் புதுமைப் பெண் திட்டமும், 2024-இல் தமிழ்ப் புதல்வன் திட்டமும், அரசுப் பள்ளியில் பயின்று கல்லூரி சென்றோர்க்கு மாதம் 1,000 ரூபாய் என்று தொடங்கப்பெற்றன. அந்த 1,000 ரூபாயை வாங்க எந்தப் பிள்ளையும் மேடை ஏறி அழ வேண்டியதில்லை. வங்கிக் கணக்கில் வந்து சேரும். உரிமைக்கும் பிச்சைக்கும் உள்ள வேறுபாடு அதுவே!

பிறகு கொடை எதற்கு? அரசின் கை நீளமானது. ஆனால் மெல்ல அசைவது. படிவம் கேட்கும், சான்றிதழ் கேட்கும், காலம் கேட்கும். இந்தக் கிழமை விடுதிச் சாப்பாட்டுப் பணம் கட்டாவிட்டால் அடுத்த கிழமை உணவில்லை என்று நிற்கிற பிள்ளைக்குக் காலம் எங்கே? கண்ணாடி உடைந்து கரும்பலகை தெரியாமல் உட்கார்ந்திருப்பவனுக்கு எந்தத் திட்டத்தில் பத்தி இருக்கிறது? அரசின் கை வந்து சேருமுன் அந்தப் பிள்ளை விழுந்துவிடாமல் தாங்கும் கை வேண்டும். அதுவே கொடையின் வேலை. உரிமைக்கு ஈடாகக் கொடை வரக்கூடாது. உரிமை வரும்வரை வழித்துணையாக வரட்டும்.

எனவே கொடுப்போரைக் கேட்கிறோம். கொடுங்கள், மேடையின்றிக் கொடுங்கள். முதல் மதிப்பெண் பெற்றவனையே தேடாதீர்கள். அவனைத் தேடப் பலர் உண்டு. தட்டுத் தடுமாறித் தேறியவனே முதலில் விழுகிறவன். முதலாண்டில் கொடுத்துவிட்டு மறவாதீர்கள். ஏணியின் பாதியில் கையை எடுப்பவனைக் காட்டிலும் ஏணியே வைக்காதவன் மேல். பணத்தோடு ஒரு மனிதரையும் அனுப்புங்கள். 'சாப்பிட்டாயா? பாடம் புரிகிறதா? யாரேனும் ஏதேனும் சொன்னார்களா?' என்று திங்களுக்கு ஒருமுறை கேட்கும் அண்ணனோ அக்காவோ ஒருவர் போதும். நன்றியை எதிர்பாராதீர்கள். அந்தப் பிள்ளையின் தாய் சுமந்த செங்கல்லில்தான் உங்கள் மாளிகை எழுந்தது. அவள் மகனுக்கு நீங்கள் கொடுப்பது தருமமன்று, கடன் தீர்ப்பு. கடனைத் தீர்ப்பவன் கைதட்டல் கேட்பதுண்டா?

கோபுரத்துக்கும் குடமுழுக்குக்கும், வாண வேடிக்கைக்கும் வளைவுக்கும் வாரி இறைக்கும் பெருமக்களே! மறுமையில் கணக்குப் பார்க்க ஒருவர் இருக்கிறார் என்று நம்பிக் கொடுக்கிறீர்கள். இம்மையிலேயே கணக்குக் கேட்கிறோம் நாம். திருப்பூரில் ஒரு பையன் துணி வெட்டிக்கொண்டிருக்கிறான். அவனைக் கல்லூரிக்கு மீண்டும் அழைக்க நம் பள்ளி ஆசிரியர் சிலர் மாதந்தோறும் சிறுதொகை சேர்க்கிறோம். அதற்கு விழா இல்லை, விளம்பரம் இல்லை. அவன் பெயரையும் இங்கே எழுதப் போவதில்லை.

விளக்கு எரியட்டும். அதன்மேல் எவர் பெயரும் வேண்டாம்!