கேட்காத கேள்விக்கு எழுதிய விடை

செம்மங்குப்பத்துக்காரர் வாக்குச்சாவடிக்குள் நுழையும்போது ரயில்வே கேட்டையும் பள்ளிக்கூட வேனையும் வாசலிலேயே விட்டுவிட்டு, டெல்லி நாற்காலியில் யார் உட்கார வேண்டும் என்ற ஒரே நினைப்போடு பொத்தானை அமுக்குகிறார் என்று எழுதுவதற்குத் துணிச்சல் வேண்டும். அதைவிட முக்கியமாக, அந்த ஊர்ப்பக்கம் தலைவைத்தும் படுத்திருக்கக் கூடாது. கருத்துக்கணிப்புகளுக்கு வக்காலத்து வாங்கிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கும் கட்டுரையாளருக்கு இரண்டு தகுதிகளும் இருக்கின்றன. உள்ளூர்க் குறைகள் உள்ளாட்சித் தேர்தலோடு முடிந்துபோகும், நாடாளுமன்றத் தேர்தலில் விழுவது தலைவரின் முகத்துக்கான ஓட்டு, அந்த முகத்தின் செல்வாக்கை அளக்கும் அறிவியலே கருத்துக்கணிப்பு, அது எங்காவது பிசகினால் பொய் சொன்ன வாக்காளரைப் போய்க் கேளுங்கள் என்பது அவருடைய வாதத்தின் சாரம். இதற்குச் சாட்சியாகக் கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில் கிடக்கும் எங்கள் ஊரை அவரே இழுத்திருப்பதால், இங்கிருந்தே பதில் சொல்கிறேன்.

2025 ஜூலை 8 காலை விழுப்புரம்–மயிலாடுதுறை பாசஞ்சர் ரயில் செம்மங்குப்பம் கேட்டில் பள்ளி வேனில் மோதி மூன்று பிள்ளைகள் செத்துப்போனார்கள். அது அன்று சிக்னலோடு பிணைக்கப்படாத கேட். கேட் கீப்பர் தொலைபேசியில் சொல்வதை ஸ்டேஷன் மாஸ்டர் நம்பித்தான் வண்டி வரும். சிக்னலோடு பிணைத்திருந்தால் கேட் மூடாதவரை பச்சை விழாது. பிணைப்பதா வேண்டாமா என்பதை முடிவுசெய்வது என்ன? ஒரு நாளில் அந்த இடத்தைக் கடக்கும் ரயில்களின் எண்ணிக்கையை வாகனங்களின் எண்ணிக்கையால் பெருக்கி வரும் ஒரு தொகை. அது 20,000ஐத் தொட வேண்டும் என்று வைத்திருந்தவர்கள், இந்த விபத்துக்குப் பிறகு 10,000 போதும் என்று இறக்கினார்கள். அந்த வரம்பை வைத்தது யார், இறக்கியது யார்? எங்கள் பஞ்சாயத்துத் தலைவரா? டெல்லி ரயில் பவன். சுரங்கப்பாதைக்குப் பணம் ஒதுக்கியும் மாவட்ட நிர்வாகம் ஓராண்டாக அனுமதி தரவில்லை என்று விபத்தன்றே சொன்னதும் ரயில்வேதான். அரசியல் சாசனத்தின் ஏழாவது அட்டவணையில் ரயில்வே ஒன்றியப் பட்டியலில் இருக்கிறது. ரயில்வே பட்ஜெட்டையே 2017இல் பொது பட்ஜெட்டில் கரைத்தும்விட்டார்கள். மாநிலத்துக்கும் ஒன்றியத்துக்கும் நடுவே ஒரு கோப்பு சிக்கிக் கிடந்ததில் உயிர்கள் போயிருக்கும்போது, அதை உள்ளூர்க் குறை என்று ஓரங்கட்டுகிறவருக்கு அரசியலும் தெரியவில்லை, சாசனமும் தெரியவில்லை. இந்த நாட்டில் தேசிய அரசியல் என்று ஒன்று இருக்குமானால் அது அந்தத் தண்டவாளத்தில்தான் கிடந்தது.

வளையமாதேவிக் கிராமத்தையும் அவர் இதே தராசில்தான் நிறுப்பார் போலிருக்கிறது. 2023 ஜூலையில் நிற்கும் பயிர்மேல் மண்வாரி இயந்திரங்களை இறக்கி நெய்வேலி நிலக்கரி நிறுவனமான என்.எல்.சி. வாய்க்கால் வெட்டியது, காவலுக்கு நின்றது மாநிலப் போலீஸ். நிறுவனம் ஒன்றிய அரசுடையது, போலீஸ் மாநில அரசுடையது, நெல் மட்டும் விவசாயியுடையது. அதை எதிர்த்து நெய்வேலியில் பெரிய போராட்டம் நடத்திய பா.ம.க., அடுத்த ஆண்டு நாடாளுமன்றத் தேர்தலில் ஒன்றியத்தை ஆளும் கட்சியோடு கூட்டணி சேர்ந்து கடலூரில் தங்கர் பச்சானை நிறுத்தியது. மூன்றாம் இடம் கிடைத்தது. காங்கிரசின் விஷ்ணு பிரசாத் 1,85,896 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். நிலத்துக்காகப் போராடியவர்கள் நிலத்தை எடுத்தவர்களோடு கைகோத்ததைக் கடலூர்க்காரர்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்று தொலைக்காட்சியில் ஓடிய எந்தக் கணிப்பு கேட்டது? மோடியா, ராகுலா என்று கேட்டால் மோடி என்றோ ராகுல் என்றோதான் பதில் வரும். இரண்டே பெயரை நீட்டிவிட்டு, மக்கள் இரண்டு பெயரைப் பற்றி மட்டுமே யோசிக்கிறார்கள் என்று முடிவு கட்டுவதற்குப் பெயர் அறிவியலா? கேள்வித்தாளைத் தயாரித்தவரே விடையையும் எழுதிவிட்டு, மதிப்பெண்ணை மக்கள் கணக்கில் போடுவது பம்மாத்து.

சரி, அவர் சொல்லும் அந்த அறிவியலுக்கே வருவோம். 2024 ஜூன் 1 மாலை இந்தியா டுடே–ஆக்சிஸ் மை இந்தியா தேசிய ஜனநாயகக் கூட்டணிக்குக் கொடுத்தது 361 முதல் 401 இடங்கள். ஜூன் 4இல் வந்தது 293, பா.ஜ.க. மட்டும் 240. கணிப்பின் கீழ் எல்லையைத் தொடவே 68 இடங்கள் குறைகின்றன. இதைப் பிழை வரம்புக்குள் அடங்கும் சிறு விலகல் என்கிறார் கட்டுரையாளர். 40 இடங்கள் அகலத்தில் வலையை விரித்தும் 68 இடங்கள் தள்ளி மீன் துள்ளினால், எந்தப் புள்ளியியல் பாடப்புத்தகத்தில் அது சிறு விலகல்? தமிழ்நாட்டில் பா.ஜ.க. அணிக்கு 2 முதல் 4 இடங்கள் என்றார்கள். 39இல் ஒன்றுகூட இல்லை. 2019இல் சொல்லி அடித்தார்களே என்று மார்தட்டுகிறார். ஆம், அகில இந்தியக் கணக்கில் அடித்தார்கள். அதே நிறுவனம் 2016 சட்டமன்றத் தேர்தலில் தி.மு.க.வை அரியணையில் ஏற்றியது, ஏறியவர் ஜெயலலிதா. 2004இல் ‘இந்தியா ஒளிர்கிறது’ என்று முழங்கிய ஆட்சி திரும்பவும் வரும் என்று அன்றைய கணிப்பாளர்கள் ஊருக்கெல்லாம் சொன்னதும், மன்மோகன் சிங் பதவியேற்றதும் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. சரியாகச் சொன்ன ஆண்டை அறிவியலின் கணக்கிலும், தவறாகச் சொன்ன ஆண்டை மக்களின் கணக்கிலும் எழுதுகிற நோட்டுப் புத்தகத்தை இவரிடம் கொடுத்தது யார்?

பக்கத்துத் தொகுதியான சிதம்பரத்தை எடுத்துக்கொள்ளலாம். 2019இல் பானைச் சின்னத்தில் நின்ற தொல். திருமாவளவன் 3,219 வாக்குகளில் கரையேறினார். பதிவானவை பதினோரு லட்சத்துக்கும் மேல். அப்படியானால் வித்தியாசம் கால் சதவீதத்தைச் சற்றுத் தாண்டுகிறது. அந்த அளவுக்குத் துல்லியம் வேண்டுமென்றால் ஒரே தொகுதியில் ஒரு லட்சம் பேருக்கு மேல் கேட்டாக வேண்டும் என்பது எளிய கணக்கு. கல்லூரி முதலாண்டு மாணவர் போட்டுக் காட்டுவார். அந்த எண்ணிக்கையின் பக்கம்கூடப் போகாமல் சிதம்பரம் யாருக்கு என்று ஸ்டூடியோவில் வண்ணம் பூசினார்களே, அது எந்தக் கணக்கு? அதே திருமாவளவன் 2024இல் 1,03,554 வாக்குகளில் ஜெயித்தார். ஐந்து வருடத்தில் மூவாயிரம் ஒரு லட்சமாக மாறியது எப்படி என்று ஆராய்வதல்லவா அறிவுள்ளவர் வேலை? அ.தி.மு.க.வும் பா.ஜ.க.வும் தனித்தனியே நின்று எதிர்வாக்கு பிரிந்ததா, தெருக்களுக்குள் ஏதேனும் நகர்ந்ததா, இரண்டுமா? கணிப்பாளர்களுக்கு இதில் ஆர்வமில்லை. இடங்களின் எண்ணிக்கைக்குத்தான் விளம்பர வருமானம்.

இனி, கட்டுரையின் மிக மோசமான பகுதி. வாக்காளர் பொய் சொல்கிறார், அதிலும் தமிழ்நாட்டு வாக்காளர் காசு வாங்கிக்கொண்டு கணிப்பாளரை ஏமாற்றுகிறார் என்கிறார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஓட்டுக்குப் பணம் இங்கே உண்டு, மறுக்கவில்லை; அதற்காக 2019இல் வேலூர்த் தேர்தலையே நிறுத்தினார்கள். ஆனால் தலைவரின் முகத்துக்கு ஓட்டு விழுகிறது என்று மூன்றாம் பத்தியிலும், காசுக்கு விழுகிறது என்று எட்டாம் பத்தியிலும் எழுதுகிறவர், இரண்டில் எது பொய் என்றாவது சொல்ல வேண்டாமா?

ஜனங்கள் கணிப்பாளரிடம் வாய் திறக்காததற்குக் காரணம் தெரிய வேண்டுமென்றால் 1999க்குப் போக வேண்டும். திருமாவளவன் முதன்முறையாகச் சிதம்பரத்தில் நின்ற தேர்தல் அது. தலித் குடியிருப்புகள் தாக்கப்பட்டன, வீடுகள் எரிந்தன, எத்தனையோ பேர் சாவடிக்கே போக முடியவில்லை. அப்படியும் அவர் இரண்டு லட்சத்துக்கு மேல் வாங்கினார். அந்த நாளைப் பார்த்த ஒருவரிடம், பஸ் ஸ்டாப்பில், ஊர்த்தெரு ஆட்கள் நாலு பேர் டீ கிளாசோடு காது கொடுத்து நிற்கையில், கையில் டேப்லெட் வைத்திருக்கும் பையன் வந்து நீங்க யாருக்குப் போடுவீங்க என்று கேட்கிறான். நூறு நாள் வேலை முடிந்து மண்வெட்டியும் தூக்குவாளியுமாக நிற்கிற அந்தம்மா, பையனைப் பார்க்காமல் அந்த நாலு பேரைப் பார்த்துக்கொண்டே, “நல்லது செய்யுறவங்களுக்குத்தாம்ப்பா” என்கிறார். இது பொய்யா? தான் எந்தத் தெரு, கேட்பவன் யார், கேட்டுக்கொண்டு நிற்பவர் யார் என்று மூன்றையும் ஒரு நொடியில் எடை போட்ட அரசியல் அறிவு அது. அந்தப் பதில் டேப்லெட்டில் ‘முடிவு செய்யவில்லை’ என்ற கட்டத்துக்குள் போகிறது. பிறகு அந்தக் கட்டத்தில் விழுந்தவர்களை, முடிவைச் சொன்னவர்களின் விகிதத்திலேயே கட்சிகளுக்குப் பங்கிட்டுவிடுவது இந்தத் தொழிலின் சகஜமான வழக்கம். அதாவது, பயமில்லாமல் பேச முடிந்தவரின் ஓட்டையே பேச முடியாதவரின் ஓட்டாகவும் எழுதிக்கொள்கிறார்கள். நாடி பார்க்கிறேன் என்று பக்கத்து வீட்டுக்காரர் கையைப் பிடித்துவிட்டு, நோயாளி ஏமாற்றிவிட்டார் என்று வைத்தியர் புகார் சொல்வதற்கும் இதற்கும் வித்தியாசம் உண்டா?

பயம் வீண்பயமும் அல்ல. ஒவ்வொரு சாவடியின் எண்ணிக்கையும் தனித்தனியே வெளியாகிறது. எந்தத் தெரு யாருக்குப் போட்டது என்று ஓட்டு எண்ணி முடிந்த அன்றே ஊருக்குத் தெரிந்துபோகிறது. பல சாவடிகளின் வாக்கை ஒன்றாகக் கலந்து எண்ணும் டோட்டலைசர் கருவியைத் தேர்தல் ஆணையம் 2008இலேயே கேட்டது. 2015இல் சட்ட ஆணையம் தன் 255ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. ஒன்றிய அரசு வேண்டாம் என்றது. வாக்காளரின் நேர்மையைப் பற்றி இத்தனை கவலைப்படுகிறவர், அவருடைய ரகசியத்தைக் காக்கும் கருவியைப் பற்றி ஒரு வரி எழுதவில்லையே, ஏன்?

காலம் மாறிவிட்டது, டீக்கடை பெஞ்சும் திண்ணையும் போய்விட்டன, கைபேசியில்தான் மக்கள் வாழ்கிறார்கள், ஆகவே கைபேசிக் கணிப்பே இனி உண்மை என்ற வாதமும் இருக்கிறது. மாற்றம் உண்மைதான். ஆனால் மாறியது என்ன? தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் யாரும் எடுப்பதில்லை. லோன்காரன், மோசடிக்காரன் என்று ட்ரூகாலர் சிவப்பில் காட்டியதும் துண்டிக்கிறார்கள். எடுக்கிறவர்கள் யார்? நேரம் இருப்பவர்கள், பேச ஆசைப்படுகிறவர்கள், கட்சிக்காரர்கள். சிப்காட்டில் ஷிப்ட் முடித்துவிட்டுத் தூங்கும் ஒப்பந்தத் தொழிலாளி எடுப்பாரா? தேவனாம்பட்டினத்தில் வலை ஏற்றிக்கொண்டிருப்பவர் எடுப்பாரா? வீட்டுக்கு ஒரு நல்ல போன் என்றால் அது பெரும்பாலும் ஆம்பிளை கையில் இருக்கிறது. 2024 வாக்காளர் பட்டியலிலோ தமிழ்நாட்டில் பெண்கள் 3.17 கோடி, ஆண்கள் 3.06 கோடி. பெரும்பான்மையின் வாயைச் சிறுபான்மையின் போனில் தேடுகிறவர்கள், அதையும் புதுமை என்று விற்கிறார்கள். திண்ணை போனதில் இன்னொன்றும் நடந்திருக்கிறது, அதைக் கட்டுரையாளர் பார்க்கவில்லை. முன்பு ஒரு வீட்டில் அப்பா சொன்ன சின்னத்துக்கு எல்லோரும் போட்டார்கள். இன்று மகள் காலேஜ் பஸ்ஸில் போகிறாள், மகன் திருப்பூரிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறான், அம்மா மகளிர் குழுவில் கணக்கு எழுதுகிறார். ஒரே கூரைக்குக் கீழ் மூன்று ஓட்டு மூன்று திசையில் போகிறது. வீட்டுக்கு ஒருவரைக் கேட்டு வீட்டையே எழுதிக்கொண்ட காலம் முடிந்துபோனது இந்தத் தொழிலுக்குத்தான் இழப்பு.

கடைசியாக, கணிப்பு யாருக்கும் தீங்கு செய்வதில்லை என்கிறார். தீங்கில்லாத ஒன்றுக்கு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 126ஏ பிரிவை நாடாளுமன்றம் எதற்காகச் சேர்த்தது? வாக்குப்பதிவு நடக்கும் நாட்களில் வாக்குக்குப் பிந்தைய கணிப்பை வெளியிட்டால் இரண்டு ஆண்டுவரை சிறை என்று எதற்காக எழுதியது? 2024 ஜூன் 1 கணிப்பை நம்பி ஜூன் 3இல் சென்செக்ஸ் சுமார் 2,500 புள்ளிகள் ஏறியது. மறுநாள் சுமார் 4,400 புள்ளிகள் விழுந்தது. ஒரே நாளில் 31 லட்சம் கோடி ரூபாய் சந்தை மதிப்பு காணாமல் போனது. நாடாளுமன்றக் கூட்டுக்குழு விசாரிக்க வேண்டும் என்று ராகுல் காந்தி கேட்டார், நடக்கவில்லை. உச்சியில் வாங்கிய சின்ன முதலீட்டாளர் இதைத் தீங்கு என்று சொல்லலாமா கூடாதா? 2014 பிப்ரவரியில் நியூஸ் எக்ஸ்பிரஸ் சேனலின் ரகசிய கேமரா முன்னால், பணம் கொடுத்தால் எண்ணை வளைக்கத் தயார் என்று கணிப்பு நிறுவனத்தார் சிலர் பேசியதும், அதன் பிறகு இந்தியா டுடே குழுமம் சி-வோட்டருடனான ஒப்பந்தத்தை நிறுத்திவைத்ததும் இந்தத் தொழிலின் வரலாற்றில் உள்ளவை. பணம் போடுகிறவர் யார் என்ற ஒரு கேள்வியைத் தொடாமல் இவ்வளவு நீளமான கட்டுரையை எழுதி முடிப்பது மறதியால் நடக்கக்கூடிய காரியம் அல்ல.

பிரிட்டனில் கணிப்பு நிறுவனங்களின் கவுன்சில் ஒன்று 2004 முதல் இயங்குகிறது. யார் பணத்தில் கணிப்பு நடந்தது, கேட்ட கேள்வி என்ன, எத்தனை பேர் என்பதை உறுப்பினர்கள் வெளியிட்டாக வேண்டும். விவர அட்டவணைகள் இரண்டு வேலை நாட்களுக்குள் வர வேண்டும். அங்கேயும் கணிப்புகள் தவறுகின்றன. தவறினால் எங்கே தவறியது என்று வெளியாள் ஒருவர் உட்கார்ந்து பார்க்க முடிகிறது. நம் ஊர் நிறுவனங்களுக்கு இதைச் செய்ய என்ன தடை? கட்டுரையாளர் அவர்களுக்கு அத்தனை நெருக்கமானவர் என்பதால் அவரிடமே கேட்கிறேன். கடலூர், சிதம்பரம் இரண்டு தொகுதிகளிலும் 2024இல் எத்தனை பேரைக் கேட்டார்கள்? அதில் பெண்கள் எத்தனை? காலனித் தெருவுக்குள் எத்தனை இடத்தில் போனார்கள்? பதில் சொல்ல மறுத்தவர்கள் எத்தனை பேர், அவர்களை எந்தக் கட்சியின் கணக்கில் சேர்த்தார்கள்? இந்த எண்களை முதலில் மேசைமேல் வைக்கட்டும். அதற்குப் பிறகு செம்மங்குப்பத்து வாக்காளர் பொய் சொன்னாரா இல்லையா என்று பேசலாம்.