ஃபில்டர் போட்டால் அழுக்கு எங்கே போகும்?

நம்ம வடசென்னைக்காரர்களுக்கு வண்ண மீன் என்றாலே கொளத்தூர்தான். முன்பெல்லாம் ஒரு பாட்டிலில் ஃபைட்டர், சின்னத் தொட்டியில் நாலு கப்பி என்று ஆரம்பிப்போம். இப்போது ஆசை பெரிதாகிவிட்டது. நாலடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரத்தில் தொட்டி, அதில் ஆஸ்கர் அல்லது அரோவானா. விளிம்பு வரை ஊற்றினால் சுமார் 450 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். இவ்வளவு பெரிய தொட்டி வாங்குகிறவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "எந்த ஃபில்டர் போட்டா தண்ணியே மாத்த வேணாம்?"

அப்படி ஒரு ஃபில்டர் கிடையாது என்பது என் கருத்து. அதைத் தேடுவதே நம்மைத் தப்பான வழியில் கொண்டுபோய் விடுகிறது.

காரணம் எளிது. மீன் தின்னும் தீனியில் கணிசமான பங்கு புரதம். அது செரித்த பிறகு அம்மோனியாவாக, முக்கியமாகச் செவுள் வழியே, தண்ணீரில் கலக்கிறது. மிச்சத் தீனி அழுகினாலும் அம்மோனியாதான். இது மீனுக்கு விஷம். ஃபில்டரில் உள்ள ஸ்பாஞ்சிலும் பீங்கான் வளையங்களிலும் குடியேறும் ஒருவகை பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் விஷம். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். இது அந்த அளவுக்குக் கொல்லாது, ஆனால் தொட்டியை விட்டுப் போகவும் போகாது. தினம் தினம் சேர்ந்துகொண்டே இருக்கும். ஆக, ஃபில்டர் அழுக்கை உரு மாற்றுகிறது, ஓர் இடத்தில் பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான். வெளியே எடுத்துப் போடுவது நம் வேலை!

நம்ம ஊர் வெயில் வேறு கெடுக்கிறது. தண்ணீர் 20 டிகிரியில் இருந்தால் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், 30 டிகிரியில் ஏழரைதான். மீனும் பாக்டீரியாவும் அதைத்தான் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். சூடு ஏற ஏற அம்மோனியாவின் நச்சும் கூடும். மே மாதத்தில் மூன்று மணி நேரம் கரண்ட் போனால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

சரி, வாரம் கால் பங்கு தண்ணீர் மாற்றலாம் என்றால், 450 லிட்டரில் கால் பங்கு 110 லிட்டருக்கு மேல். நம் வீட்டுப் பிளாஸ்டிக் குடம் சுமார் 15 லிட்டர் பிடிக்கும் என்று வைத்தால் ஏழரைக் குடம்! 2019 ஜூனில் புழல், செம்பரம்பாக்கம், சோழவரம், பூண்டி நான்கும் வறண்டு கிடந்தபோது மெட்ரோ வாட்டர் லாரிக்குக் குடத்தோடு காத்திருந்த தெருக்களில்தான் இந்தத் தொட்டிகளும் இருக்கின்றன. அதனால்தான் இதை வெறும் பொழுதுபோக்குக் கணக்காக என்னால் பார்க்க முடியவில்லை.

அதற்காக மீனே வளர்க்கக் கூடாது என்று சொல்லவில்லை. அழுக்கைக் குறைக்க வேண்டிய இடம் ஃபில்டர் அல்ல, தீனி டப்பாதான். பெரிய தொட்டியில் குறைந்த மீன், இரண்டு மூன்று நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு தீனி, தொட்டியில் வேர் விட்ட ஒரு மணி பிளாண்ட். செடி நைட்ரேட்டை மெல்ல மெல்ல எடுத்துக்கொள்ளும். ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவாதீர்கள், குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசினால் போதும். உப்பு, மருந்து போடாத பழைய தண்ணீர் மாடிச் செடிகளுக்கு நல்ல உரம். அந்த ஏழரைக் குடமும் வீணாகாது.

இன்னொன்று, "டேங்க் கிளீனர்" என்று விற்கும் சக்கர் மீன். பாசியைக் கொஞ்சம் தின்னும், உண்மைதான். ஆனால் தின்றதைக் கழிக்காதா? இதுவும் நிறையவே கழிக்கும். ஒரு அடிக்கு மேல் வளர்ந்ததும் வைத்துக்கொள்ள முடியாமல் பலர் ஏரியில் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். இன்று தமிழகத்தின் பல நீர்நிலைகளில் அது பெருகி நாட்டு மீன்களுக்குப் போட்டியாக நிற்கிறது, மீனவர் வலையைக் கிழிக்கிறது. நம் தொட்டி சுத்தமாக இருக்க ஏரியை அழுக்காக்கினோம்!

"கண்ணில் படாவிட்டால் அழுக்கே இல்லை" என்ற இந்த எண்ணத்தின் விலை என்ன என்று நம் பகுதியை விட யாருக்கு நன்றாகத் தெரியும்? நகரத்தின் குப்பை கொடுங்கையூருக்கு வந்தது. அனல்மின் நிலையச் சாம்பல் குழாய் உடைந்து கொசஸ்தலை ஆற்றில் கலந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து வந்த எண்ணெய், எண்ணூர் முகத்துவாரத்தையும் மீனவர் படகுகளையும் கறுப்பாக்கியது. அதே மாதக் கடைசியில் பெரியகுப்பத்தில் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து கசிந்தது சாட்சாத் அம்மோனியாவேதான். ஐம்பது பேருக்கு மேல் மருத்துவமனைக்குப் போனார்கள். பளபளக்கும் தொட்டியின் கீழே அலமாரிக்குள் மறைத்து வைக்கும் ஃபில்டர் மாதிரிதான் சென்னைக்கு நாம். என்ன, ஃபில்டரையாவது மாதம் ஒருமுறை திறந்து கழுவுவார்கள்.

ஆலைகளைப் பார்த்து "உன் கழிவு எங்கே போகிறது, கணக்குக் காட்டு" என்று கேட்க நமக்கு முழு உரிமை உண்டு. கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அதே கேள்வியை வீட்டுத் தொட்டிக்கும் கேட்போமே. கொளத்தூரில் பெரிய தொட்டிக்கு விலை பேசும்போது ஃபில்டரின் விலையை மட்டும் கேட்காமல், வாரம் எத்தனை குடம் ஊற்ற வேண்டும், எடுத்த தண்ணீர் எங்கே போகும், மீன் ஒரு அடி வளர்ந்தால் எங்கே வைப்பது என்றும் யோசியுங்கள். பதில் இருந்தால் தாராளமாக வாங்குங்கள். இல்லையென்றால் நாலு கப்பியே போதும் மக்களே, அதுவும் அழகுதான்!