லேத் ஓட்டுபவருக்கும் ஒரு கடற்கரை அறை

2019 ஜூன் மாதம் பார்சிலோனாவில் இட்மா கண்காட்சி நடந்தது. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை ஐரோப்பாவில் கூடும் ஜவுளி இயந்திரச் சந்தை அது. கோவை, திருப்பூர், ஈரோடு, பல்லடம் பக்கமிருந்து மில்காரர்கள், பனியன் கம்பெனிக்காரர்கள், என்னைப் போன்ற பட்டறைக்காரர்கள் என்று ஒரு கூட்டமே கிளம்பிப் போகும். உலகெங்குமிருந்து ஒரு லட்சம் பேருக்கு மேல் வந்து இறங்கிய அந்த வாரத்தில் ஊருக்குள் ஹோட்டல் வாடகை எங்கள் கைக்கு எட்டும்படி இல்லை. டிக்கெட் போட்டுக்கொடுத்த ஏஜென்ட் வேறு வழி பார்த்தார். வடக்கே கடலோரமாக ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பால் கலேயா என்ற சிற்றூரில் மூன்று நட்சத்திர ரிசார்ட் ஒன்றைப் பிடித்துக் கொடுத்தார். காலைச் சாப்பாடும் இரவுச் சாப்பாடும் வாடகையிலேயே சேர்த்தி.

கோவை கணபதியில் ஸ்பின்னிங் மில்களுக்கு ஸ்பேர்ஸ் செய்து கொடுக்கும் சிறு பட்டறை என்னுடையது. பகலெல்லாம் ஸ்டால் ஸ்டாலாக ஏறி இறங்கிவிட்டு, கேட்லாக் மூட்டையோடு மாலையில் ரயிலேறினால் மத்தியதரைக் கடலை ஒட்டியே தண்டவாளம் போகும். ஐபீரியத் தீபகற்பத்தின் முதல் ரயில் பாதை, 1848-ல் போட்டது, இதே வழியில்தான் மட்டாரோ வரை போகிறது. அலை அடித்தால் ஜன்னலில் தெறித்துவிடுமோ என்று தோன்றும் அளவுக்குக் கடல் பக்கத்தில் இருக்கும். ஹோட்டலுக்கும் மணலுக்கும் நடுவில் இந்தத் தண்டவாளம்தான். அடியில் ஒரு சுரங்கப்பாதை வழியாகக் கடலுக்குப் போய்வர வேண்டும்.

இயந்திரங்களைப் பற்றிப் பேச வேறு இடம் உண்டு. அந்த ஹோட்டலில் யார் யார் தங்கியிருந்தார்கள் என்பதைத்தான் இங்கே சொல்ல வந்தேன்.

அறை சின்னது. இரண்டு கட்டில்களைச் சேர்த்துப் போட்டு ஒன்றாக்கியிருந்தார்கள். ஒரு ஆள் நாற்காலி போட்டு உட்காரும் அளவுக்குப் பால்கனி. சுடுதண்ணீர் போட கெட்டில்கூடக் கிடையாது. ஈரோட்டுக்காரர் ஒருவர் வீட்டிலிருந்து கொண்டுவந்த கெட்டில்தான் எங்கள் மொத்தக் குழுவுக்கும் காபி போட்டது. சாப்பாட்டுக் கூடமோ கல்யாண மண்டபத்துப் பந்தி போலப் பெரியது. வாசலில் அறை எண்ணைச் சொல்லிவிட்டு உள்ளே போக வேண்டும். சோறு, மீன், கறி, பத்து வகை ரொட்டி, வெட்டி வைத்த தர்பூசணி எல்லாம் வேண்டும் மட்டும் எடுத்துக்கொள்ளலாம். சைவக்காரர்கள் தயிரில் பருப்புப்பொடி கலந்து சமாளித்தார்கள். குடிதண்ணீருக்கு மட்டும் தனி பில்! சிறுவாணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவனுக்கு, சாப்பிட உட்கார்ந்த இடத்தில் தண்ணீருக்குக் கையெழுத்துப் போடுவது கடைசி நாள் வரை பழகவில்லை.

பக்கத்து மேசையில் வயதான ஜெர்மன் தம்பதி. ஒயின் பாட்டிலில் பாதியைக் குடித்துவிட்டு மீதியை மூடிவைத்தார்கள். சர்வர் வந்து லேபிளின் மேல் பேனாவால் அறை எண்ணை எழுதி எடுத்துப் போனார். மறுநாள் இரவு அதே பாட்டில் அதே மேசைக்கு வந்தது. கூடம் முழுக்க இப்படி எண் எழுதிய பாட்டில்கள் இருப்பதை அதற்கப்புறம்தான் கவனித்தேன். அங்கே தங்கியிருந்தவர்கள் காசை எண்ணிச் செலவழிக்கிறவர்கள், பணக்காரர்கள் இல்லை. விடியற்காலையில் எழுந்துவந்து நீச்சல்குளத்தருகே உள்ள சாய்வு நாற்காலியில் துண்டு போட்டு இடம் பிடிப்பவர்கள். பஸ் ஓட்டுபவர், நர்ஸ், தபால்காரர், ரிட்டயர்டு ஃபிட்டர்.

அவர்களில் ஒருவர் பிரான்சின் வடக்கே லில் நகருக்குப் பக்கத்திலிருந்து வந்திருந்தார். என் கழுத்தில் தொங்கிய இட்மா அட்டையைப் பார்த்துவிட்டு அவராகவே பேச்சுக் கொடுத்தார். முதல் இட்மா 1951-ல் நடந்ததே அந்த லில்லில்தான். ஒரு காலத்தில் அந்தப் பக்கம் முழுக்க மில்கள். அவருக்கு அரைகுறை ஆங்கிலம், எனக்கும் அப்படித்தான். மீதியை போன் மொழிபெயர்த்தது. என்ன வேலை என்று கேட்டேன். கையைச் சுழற்றிக் காட்டினார். லேத். ஏதோ ஒரு தொழிற்சாலையில் முப்பது வருடமாக லேத் ஓட்டுகிறார். மனைவி, மகள், பேரன் எல்லோரோடும் இரண்டு வாரம் வந்திருக்கிறார். ஒவ்வொரு கோடையிலும் வருவாராம்.

அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. என் பட்டறையிலும் லேத் ஓட்டுபவர் இருக்கிறார். மைக்ரோமீட்டர் வைத்தால் அவர் கை பிசகாது. அந்தப் பிரெஞ்சுக்காரருக்கு எந்த விதத்திலும் குறைந்தவர் இல்லை. முதலாளியான நான் பார்சிலோனாவுக்குள் அறை கிடைக்காமல் தங்கிய ஹோட்டலில், அங்கத்திய லேத்காரர் குடும்பத்தோடு வருடா வருடம் தங்குகிறார்.

சம்பள வித்தியாசம் என்று இதற்குச் சட்டென்று பதில் சொல்லிவிடலாம். உண்மைதான். ஆனால் அது பாதி உண்மை. பிரான்சில் 1936-க்கு முன்னால் தொழிலாளிக்கும் கடலுக்கும் சம்பந்தம் கிடையாது. அந்த ஆண்டு ஜூனில், நாடு முழுக்க ஆலைகளில் வேலைநிறுத்தம் நடந்த நேரத்தில், லியோன் ப்ளூம் அரசு சம்பளத்துடன் இரண்டு வார விடுப்பைச் சட்டமாக்கியது. இன்று அது ஐந்து வாரம். ஐரோப்பிய ஒன்றியத்தில் எந்த நாடானாலும் நான்கு வாரத்துக்குக் குறையக் கூடாது. 1936-ல் பிரெஞ்சுத் தொழிலாளி ஒன்றும் செழிப்பாக இல்லை. முதலில் விடுப்பு வந்தது. விடுப்பு எடுத்த லட்சக்கணக்கான குடும்பங்கள் எங்காவது போயாக வேண்டும் என்பதால் பின்னால் மலிவு விடுதிகள் வந்தன, வாடகை விமானங்கள் வந்தன. மத்தியதரைக் கரையில் எழும்பி நிற்கும் இந்த நடுத்தர ஹோட்டல்களில் பெரும்பாலானவை அந்த விடுப்புச் சம்பளத்தில் கட்டியவை என்றே சொல்வேன்.

கலேயாவே அதற்குச் சாட்சி. அந்த ஊர் ஒரு காலத்தில் பனியன், காலுறை பின்னும் ஊர். நம் திருப்பூரின் தம்பி. 1960-களில் ஜெர்மன்காரர்கள் கூட்டம் கூட்டமாக வர ஆரம்பித்து, ‘ஜெர்மன்காரர்களின் கலேயா’ என்றே பெயர் வந்துவிட்டது. லோபெட்-குரி என்ற பழைய ஜவுளி ஆலைக் கட்டடம் இன்று ஊரின் பொதுக் கலை நிகழ்ச்சிகளுக்கான இடம். மட்டாரோவில் பின்னலாடைக்கென்றே அருங்காட்சியகம் இருக்கிறது. திருப்பூருக்கு அப்படி ஒன்று எப்போது வருமோ!

நம் ஊரில் சட்டம் இல்லாமல் இல்லை. 1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 79-வது பிரிவு தெளிவாகவே சொன்னது: ஆண்டில் 240 நாள் வேலை செய்தவருக்கு, வேலை செய்த ஒவ்வொரு 20 நாளுக்கும் ஒரு நாள், மறு ஆண்டில் சம்பளத்துடன் விடுப்பு. வருடத்துக்குக் கிட்டத்தட்ட இரண்டு வாரம் வரும். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அந்த 240 நாளை 180 ஆகக் குறைத்திருக்கிறது. இது போக, 1958-ம் ஆண்டு தமிழ்நாட்டுச் சட்டப்படி தேசிய, பண்டிகை விடுமுறை ஒன்பது நாள். ஆக, 1936-ல் பிரெஞ்சுத் தொழிலாளிக்குக் கிடைத்த இரண்டு வாரம் நம் ஆட்களுக்கும் காகிதத்தில் இருக்கிறது.

நடப்பது என்ன? தீபாவளிக்கு முன் போனஸ் கவரோடு ‘லீவு சம்பளம்’ என்று ஒரு தொகை போகும். அத்தோடு அந்த வருடத்து விடுப்புக் கணக்கு முடிந்தது. இதுவும் பெயர் ரோலில் இருப்பவருக்குத்தான். பீஸ் ரேட்டில் தைப்பவருக்கும் காண்ட்ராக்டில் வருபவருக்கும் பல இடங்களில் அதுவும் இல்லை. ஆர்டர் நெருக்கினால் திருப்பூரில் ஒன்றரை ஷிப்ட். பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்தவர்கள் வருடத்துக்கு ஒருமுறை தன்பாத் எக்ஸ்பிரஸில் இரண்டு நாளுக்கு மேல் பயணம் செய்து ஊருக்குப் போவார்கள். பெரும்பாலும் அது சம்பளமில்லாத விடுப்பு.

இதற்கு முதலாளிகளை மட்டும் குறை சொன்னால் அது முழுக் கதை ஆகாது. ஊர் திரும்பியதும் எங்கள் லேத்காரரிடம் கேட்டேன், இந்த வருஷம் காசு வேண்டாம், பத்து நாள் லீவு எடுத்துக்கொள்கிறீர்களா என்று. “காசாவே குடுத்துருங்கண்ணா. பொண்ணுக்கு பீஸ் கட்டோணும். லீவு எடுத்து ஊட்டுல உக்காந்து என்னங்க பண்றது?” என்றார். இரண்டு பதிலுமே நியாயம்தான். முதலாவது சம்பளத்தைப் பற்றியது. இரண்டாவது, போக இடம் இல்லாததைப் பற்றியது.

உண்மையிலேயே எங்கே போவார்? ஞாயிற்றுக்கிழமை என்றால் கொடிவேரி, ஆழியார், திருமூர்த்தி மலை. ஆடிப் பதினெட்டுக்குப் பவானிசாகர். கடல் பார்க்க வேண்டும் என்றால் வாளையாறு தாண்டி, பாலக்காடு, திருச்சூர் வழியாகச் சாவக்காட்டுக்கு ஒரு நாள் வேன். விடிகாலை நான்கு மணிக்குக் கிளம்புவார்கள். புளிசாதமும் தயிர்சாதமும் தூக்கில். மத்தியானம்வரை அலையில் ஆட்டம். அதன் பிறகு ஈரத் துணி மாற்ற ஒரு அறை இருக்காது. நான்கு பெண்கள் நான்கு மூலையில் சேலையை விரித்துப் பிடித்து நிற்க, உள்ளே ஒவ்வொருவராகப் போய் மாற்றிக்கொண்டு வருவார்கள். இரவு பன்னிரண்டு மணிக்கு வீடு, காலையில் ஷிப்ட். எங்கள் பட்டறைக் குடும்பங்களோடு நானும் இந்த வேனில் போயிருக்கிறேன். சந்தோஷத்துக்கு ஒரு குறையும் இல்லை. ராத் தங்கத்தான் வழியில்லை.

தமிழ்நாட்டுக்குக் கடற்கரை 1,076 கிலோமீட்டர். அதில் ஒரு பக்கம், 1974-லிருந்து கோவளத்தில் இருக்கும் தாஜ் ஃபிஷர்மேன்ஸ் கோவ் போன்ற சொகுசு விடுதிகள். இன்னொரு பக்கம் கன்னியாகுமரி, திருச்செந்தூர், ராமேஸ்வரத்து லாட்ஜுகள். சாமி கும்பிட வந்தவர் பெட்டியை வைத்துவிட்டுப் போவதற்கான அறைகள். மாமல்லபுரம் போன்ற சில இடங்களில் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் விடுதிகள் உண்டு; இவ்வளவு பெரிய மாநிலத்துக்கு அது எந்த மூலைக்கு? ஐந்து பேர் குடும்பம், சாப்பாட்டோடு, நான்கு நாள், கணக்குப் பார்த்துத் தங்கக்கூடிய கடலோர இடம் என்று தேடினால் விரல் விட்டு எண்ணிவிடலாம். 2025 செப்டம்பரில் 7,500 ரூபாய் வரையிலான அறைகளுக்கு ஜிஎஸ்டியை 5 சதவீதமாகக் குறைத்தார்கள். நல்லது. ஆனால் வரியைக் குறைத்துவிட்டால் இல்லாத அறை முளைத்துவிடாது. விடுப்பு எடுத்துக்கொண்டு வருகிற கூட்டம் இருக்கிறது என்று தெரிந்தால்தான் ஒருவர் துணிந்து முதல் போட்டுக் கட்டுவார். கூட்டம் வர விடுப்பு வேண்டும்.

ஸ்பெயின் போன வழியிலேயே நாமும் போக வேண்டும் என்று சொல்லவில்லை. 2019-ல் மட்டும் அந்த நாட்டுக்கு எட்டுக் கோடிக்கு மேல் வெளிநாட்டுப் பயணிகள் வந்தார்கள். நாட்டு ஜனத்தொகையோ ஐந்து கோடிக்கும் கீழே. வீட்டு வாடகை எகிறி, 2024-ல் பார்சிலோனாக்காரர்கள் வீதியில் இறங்கிச் சுற்றுலாப் பயணிகள் மேல் தண்ணீர்த் துப்பாக்கி அடித்தார்கள். ஹோட்டல் அறைகளைப் பெருக்கித் துடைக்கும் பெண்கள் ‘லாஸ் கெல்லிஸ்’ என்று சங்கம் அமைத்து, வேலைச் சுமையையும் காண்ட்ராக்ட் கூலியையும் எதிர்த்துப் போராடுகிறார்கள். நான் தங்கிய அறையைக் காலையில் சுத்தம் செய்ய வந்த பெண், மூன்று நிமிடத்தில் இரண்டு கட்டிலையும் விரித்துவிட்டு ஓடினார். ஒரு தொழிலாளியின் விடுப்பு இன்னொரு தொழிலாளியின் முதுகில் ஏறக்கூடாது. நம் கரையில் மீனவர் வலை காயப்போடும் மணலும் பறிபோகக் கூடாது. அங்கே செய்த அடாவடியை இங்கே தவிர்க்கலாம், பின்னால் வருகிறவர்களுக்கு அந்த வசதி உண்டு.

ஆட்களுக்கு விடுப்பைக் காசாக இல்லாமல் விடுப்பாகவே கொடுப்போம் என்றால், சக தொழில்முனைவோர் உடனே கேட்பது, பட்டறையை மூடினால் டெலிவரி என்ன ஆகும் என்று. இதற்குப் பதில் நம் எல்லோருக்கும் தெரியும். ஆகஸ்ட் நடுவில் இத்தாலிக்கு ஒரு மெயில் போட்டுப் பாருங்கள். ஆலை விடுமுறையில் இருக்கிறது, மாதக் கடைசியில் வருவோம் என்று தானியங்கிப் பதில் வரும். நாம் கோபித்துக்கொண்டு வேறு இடம் போய்விட்டோமா? ஜூலையிலேயே ஆர்டர் போட்டு ஸ்டாக் வைத்துக்கொள்கிறோம். இத்தாலிக்காரருக்குக் காட்டும் பொறுமையை ஒண்டிப்புதூர் மில்காரர் கணபதிப் பட்டறைக்கும் காட்டுவார். எங்கள் பட்டறையில் லீவு சம்பளத்தில் பாதியைக் காசாகவும், மீதிக்கு மே மாதத்தில் ஒரு வாரம் பட்டறையை மூடியும் கொடுக்கிறோம். இரண்டு மாதம் முன்பே மில்களுக்குக் கடிதம் போய்விடும். இதுவரை ஒரு ஆர்டரும் கைநழுவிப் போகவில்லை.

அரசிடம் கேட்க ஒன்று இருக்கிறது. தொழிலாளர் நல நிதிக்கு ஆண்டுதோறும் நாமும் கட்டுகிறோம், தொழிலாளியும் கட்டுகிறார். அதில் ஒரு பங்கு கொங்குத் தொழிலாளர் குடும்பங்கள் தங்கும் கடலோர விடுதிகளுக்குப் போகட்டும். சுற்றுலாக் கழகமும் நல வாரியமும் சேர்ந்து தூத்துக்குடிப் பக்கமோ, ராமநாதபுரம் பக்கமோ, ஐம்பது அறையில் தொடங்கினால் போதும். பந்தியும் சமையலும் நம்மவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

முதலாளிகளிடம் கேட்பது இன்னும் சின்னது. ஜனவரி பிறந்ததும் வருட விடுமுறைப் பட்டியலை நோட்டீஸ் போர்டில் ஒட்டுவோம் அல்லவா, அதற்குக் கீழே சம்பளத்துடன் விடுப்பு எந்த வாரம் என்று ஒரு வரி சேருங்கள். ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. மே மாதம் நாகர்கோவில் ரயிலில் குடும்பத்தோடு ஏற வேண்டுமானால், மார்ச் தொடக்கத்திலேயே அவர்களுக்குத் தேதி தெரிந்திருக்க வேண்டும்.