தீராத வாயு

சித்திரை பிறந்து மதுரை வெயில் தன் சுயரூபத்தைக் காட்டத் தொடங்கியதும், என் காரின் ஏசி குளிர்ச்சியை மறந்து வெறுங்காற்றை வீசுவதும், நான் அதைக் கடைக்கு ஓட்டிச் செல்வதும், கடைக்காரர் பானெட்டைத் திறந்து அரை நிமிஷம் உற்றுப் பார்த்து, "கேஸ் தீந்துபோச்சு சார், அடிச்சா சரியாயிடும்" என்பதும், நான் பணத்தை எண்ணிக் கொடுத்துத் திரும்புவதும் மூன்று வருஷங்களாக ஒரு நேர்த்திக்கடன்போல் நடந்துவந்தன. நான்காம் வருஷம்தான் 'தீர்ந்துபோச்சு' என்ற அந்த வார்த்தையின்மேல் எனக்குச் சந்தேகம் பிறந்தது.

பெட்ரோல் தீரும், எரிந்து புகையாகப் போகிற வஸ்து அது. ஏசிக்குள் ஓடும் வாயுவோ எரிவதில்லை. ஊசி போடுமுன் டாக்டர் கையில் தடவும் ஸ்பிரிட், ஆவியாகும்போது தோலின் சூட்டைக் கவர்ந்துகொண்டு சில்லென்று இருக்கிறதல்லவா, அந்த வித்தையைத்தான் இதுவும் செய்கிறது. ஆனால் ஸ்பிரிட்டைப்போல் காற்றோடு போய்விடாமல், டாஷ்போர்டுக்குப் பின்னாலுள்ள கூலிங் காயிலில் ஆவியாகி, கம்ப்ரசரால் நெருக்கப்பட்டு, ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் கண்டன்சரில் உஷ்ணத்தைக் கொட்டிவிட்டு, மீண்டும் திரவமாகிப் புறப்பட்ட இடத்துக்கே வந்துசேருகிறது. மூடிய குழாய்க்குள் ஓயாமல் சுற்றுகிற பொருள் குறைந்ததென்றால், எங்கோ கசிவு இருக்கிறதென்பதைத் தவிர அதற்கு வேறு அர்த்தம் கிடையாது. என் காரில் உள்ளது ஆர்-134ஏ. நூறு வருஷக் கணக்கில் பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைப்போல் 1,430 மடங்கு வல்லமையுடையது என்று விஞ்ஞானிகள் மதிப்பிட்டிருக்கிறார்கள். வருஷத்துக்குச் சுமார் 400 கிராம் வீதம் மூன்று வருஷம் நான் ஆகாயத்துக்குத் தானம் செய்தது, ஏறத்தாழ 1,700 கிலோ கரியமில வாயுவுக்குச் சமானம். காருக்குள் குளிர வேண்டி ஊரைச் சூடாக்கும் கைங்கரியம்!

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டு வேப்பமரத்தடியிலேயே பரிசோதனையை ஆரம்பித்தேன். இடப்பக்க ஆசனத்துக்கு எதிரேயுள்ள டிராயரைக் கழற்றி ஃபில்டரை உருவினால், வேப்பம்பூவும் தூசியும் அப்பிக் கம்பளித் துண்டுபோல் வந்தது. கண்டன்சரின் தகடுகள் காகிதத்தைப்போல் மெல்லியவையாதலால், குழாய்த் தண்ணீரை வேகமின்றிப் பாய்ச்சிக் கழுவினேன். காற்று பலமாக வந்ததே தவிர குளிர்ச்சி வரவில்லை. எஞ்சினை ஓடவிட்டுக் காதைக் கொடுத்தேன். கம்ப்ரசரின் கிளட்ச் 'டக்'கென்று பிடித்து, சில விநாடிகளில் விட்டு, மறுபடி பிடித்தது. வாயு அறவே போய்விடவில்லை, குறைந்திருக்கிறது என்பதற்கு அது லக்ஷணம்.

எஞ்சினை நிறுத்திவிட்டு டார்ச்சும் கையுமாகக் குழாய்களைத் தொடர்ந்து போனபோது, கண்டன்சரோடு குழாய் சேரும் மூட்டில் எண்ணெய்ப் பிசுக்கில் மண் ஒட்டிக் கறுத்திருந்தது. கம்ப்ரசரின் எண்ணெய் வாயுவோடு கலந்தே சுற்றுவதால், வாயு கசியும் இடத்தில் எண்ணெயும் கசியும். சோப்புத் தண்ணீரைப் பிரஷ்ஷால் தடவிக் காத்திருந்தேன். வருஷம் முழுவதும் ஆறஅமரப் போகிற கசிவு அவசரப்படுமா? கால் மணி நேரம் கழித்தே கடுகளவு குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தலைகாட்டின.

ஸ்பானர் கையில் இருந்தது. மூட்டைத் திறந்துவிடும் சபலமும் இருந்தது. ஆனால் பூஜ்யத்துக்குக் கீழே 26 டிகிரியில் கொதிக்கும் திரவம் கைமேல் பட்டால், நெருப்புப் பட்டாற்போல் தோல் வெந்துபோகும். வீட்டு வைத்தியத்தின் எல்லை அதுதான் என்று வேறொரு கடைக்குப் போனேன்.

அங்கிருந்த இளைஞர் மிச்ச வாயுவை மெஷினில் உறிஞ்சி எடுத்து, கெட்டித்துப்போன ஓ-ரிங்கை மாற்றினார். பிறகு அரை மணி நேரம் 'வேக்குவம்' போட்டார். குழாய்க்குள் காற்றழுத்தம் அற்றுப்போகும்போது, ஒளிந்திருக்கும் ஈரம் சாதாரண வெயில் சூட்டிலேயே கொதித்து ஆவியாகி வெளியேறிவிடுகிறது. முந்தைய மூன்று முறையும் இந்தச் சம்ஸ்காரம் நடந்ததாக எனக்கு ஞாபகமில்லை. பின்பு தராசு வைத்து, காரில் ஒட்டியிருந்த சீட்டில் கண்ட எடைக்கு வாயுவை நிரப்பினார்.

பக்கத்துப் பெஞ்சில் காத்திருந்த பெரியவர், துண்டால் கழுத்தைத் துடைத்தபடி, "உங்களுக்கும் கேஸ் தீந்துபோச்சா சார்?" என்று விசாரித்தார். விளக்கப் புகுந்தால் பொழுது சாய்ந்துவிடுமென்ற பயத்தில், "ஆமாங்க" என்று சொல்லிவைத்தேன்.