ஊசி போடாத சான்றிதழ்

எனக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணையும் போடப்பட்டதாக ஒரு சான்றிதழ் இருக்கிறது. அதில் முத்திரை இருக்கிறது, டாக்டர் கையெழுத்து இருக்கிறது, மூன்று தேதிகள் இருக்கின்றன. ஊசி மட்டும் போடப்படவில்லை.

2022இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு தனியார் நர்சிங் கல்லூரியில் டிப்ளமோ சேர்ந்தேன். எங்கள் தெருவிலிருந்து நர்சிங் படிக்கப் போன முதல் ஆள் நான்தான். அம்மா ஓசூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். சேர்ந்து ஐந்து மாதம் கழித்து, முதல் கிளினிக்கல் போஸ்டிங்குக்கு ஒரு வாரம் இருக்கும்போது, வகுப்பில் ஒரு தாளை வாசித்தார்கள். ரத்தப் பரிசோதனை, மார்பு எக்ஸ்ரே, ஹெபடைடிஸ் பி மூன்று தவணைக்கான சான்று. திங்கட்கிழமைக்குள் கொண்டுவராதவர்கள் வார்டுக்குள் போக முடியாது. செலவு அவரவர் பொறுப்பு.

இந்தத் தடுப்பூசியின் அட்டவணையை அதே வகுப்பில்தான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாம் மாதம் மூன்றாவது. ஆறு மாதம் பிடிக்கும் ஒன்றை ஆறு நாளில் கேட்டார்கள். அது முடியாது என்பது கேட்டவர்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். ஆகவே அவர்கள் கேட்டது ஊசியை அல்ல, காகிதத்தை.

ஓசூர்ப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. சிப்காட்டில் ஒப்பந்த வேலைக்குப் போகும் அண்ணன்கள் ‘மெடிக்கல் போட்டாச்சா?’ என்றுதான் கேட்டுக்கொள்வார்கள். உடம்பைச் சோதித்தார்களா என்று யாரும் கேட்பதில்லை. நானும் புதுமைப் பெண் திட்டத்தில் வந்த 1000 ரூபாயை எடுத்துக்கொண்டு போய் அப்படி ஒரு ‘மெடிக்கல்’ வாங்கினேன். கல்விக் கட்டண ரசீதில் இந்தச் செலவு இல்லை. அதனால் உதவித்தொகைக் கணக்கிலும் அது வராது. வசதியுள்ள தோழிகள் சிலர் உண்மையாகவே ஊசியைத் தொடங்கினார்கள். முதல் தவணைக்கு மேல் போகாதவர்கள்தான் அதிகம்.

நான் பிறந்தது 2005இல். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி அரசின் அட்டவணையில் நாடு முழுவதும் வந்தது 2011இல். எங்கள் தெருவில் என் வயதுக்காரர்கள் யாருக்கும் குழந்தையில் இந்த ஊசி போட்டதாக வீட்டில் நினைவில்லை. ஆக, நான் வார்டுக்குள் நுழைந்தபோது என் பையில் மூன்று தவணை இருந்தது. உடம்பில் ஒன்றும் இல்லை.

இரண்டாம் ஆண்டில் ஒருநாள், பயன்படுத்திய ஊசிக்கு மூடி போடும்போது விரலில் குத்திவிட்டது. மூடி போடக் கூடாது என்பது பாடம். வார்டில் ஊசி வெட்டும் கருவி வேலை செய்யாது என்பது நடைமுறை. தண்ணீரில் கழுவினேன். கூட இருந்த சீனியர் அக்கா, “யார்கிட்டயும் சொல்லிடாதடி, போஸ்டிங்கை கேன்சல் பண்ணிடுவாங்க” என்றார்.

நான் சொல்லவில்லை. போஸ்டிங் போய்விடும் என்ற பயம் ஒரு காரணம். பெரிய காரணம் அந்தச் சான்றிதழ். சொன்னால், ‘உனக்குத்தான் மூன்று தவணை போட்டிருக்கிறதே’ என்பார்கள். போடவில்லை என்று சொன்னால் மோசடிக்காரி நான்தான்.

ஹெபடைடிஸ் பி உள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால், பாதுகாப்பு இல்லாதவருக்குத் தொற்றும் வாய்ப்பு 6 முதல் 30 சதவீதம் வரை. ஹெச்.ஐ.வி.க்கு அது சுமார் 0.3 சதவீதம்தான். தடுப்பூசி போடாதவருக்கு ஊசி குத்தினால் முடிந்தவரை 24 மணி நேரத்துக்குள் இம்யூனோகுளோபுலினும் தடுப்பூசியும் கொடுக்க வேண்டும். ஹெச்.ஐ.வி.க்கான தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். அந்த 72 மணி நேரத்தை நான் விடுதியில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தேன். எனக்குத் தொற்றவில்லை என்பது பிறகு தெரிந்தது. அது அதிர்ஷ்டம்.

படிப்பு முடிந்து அத்திப்பள்ளி தாண்டி பெங்களூரில் ஒரு பெரிய மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் நாளே ரத்தம் எடுத்தார்கள். தடுப்பூசி வேலை செய்திருந்தால் ரத்தத்தில் அதற்கான ஆன்டிபாடி ஒரு மில்லிலிட்டருக்கு 10 மில்லி அலகு அளவுக்காவது இருக்க வேண்டும். எனக்கு இல்லை. அங்கே இருந்த சிஸ்டர் என் சான்றிதழையும் ரிப்போர்ட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் முதல் ஊசியைப் போட்டார். காசு வாங்கவில்லை. தரச்சான்றுக்காக ஊழியர்களின் தடுப்பூசிக் கணக்கை அவர்கள் காட்டியாக வேண்டும். என் மீதான அக்கறை அல்ல அது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஊசி ஊசிதான்.

இந்த இரண்டு அனுபவத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு கேள்வி வருகிறது. போஸ்டிங்குக்கு முந்தைய பரிசோதனை யாரை யாரிடமிருந்து காப்பாற்ற?

எங்கள் கல்லூரியில் பரிசோதனை வரிசையில் நின்றபோது நடந்ததைச் சொல்கிறேன். படிவத்தில் முகவரியைப் படித்துக்கொண்டே வந்தவர், நான்கு பேரிடம் மட்டும் “வீட்ல யாருக்காவது டி.பி. இருக்கா?” என்று கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான், ஆனால் அறுபது பேரிடமும் கேட்க வேண்டிய கேள்வி. எங்கள் நான்கு பேரின் முகவரியிலும் ‘காலனி’ என்ற சொல் இருந்தது. அந்தச் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்போவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஆவணத்திலிருந்து போகட்டும். கேள்வி கேட்பவரின் கண்ணிலிருந்து எப்போது போகும்?

‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ நூலில் அண்ணல் அம்பேத்கர் ஒரு சம்பவத்தைப் பதிவு செய்திருக்கிறார். கத்தியவாரில் தீண்டத்தகாதவராக ஒதுக்கப்பட்ட ஓர் ஆசிரியரின் மனைவி பிரசவத்துக்குப் பின் நோயில் விழுந்தார். மருத்துவர் சேரிக்குள் வர மறுத்தார். நோயாளியை வெளியே கொண்டுவரச் செய்து, வெப்பமானியை ஒரு முஸ்லிமிடம் கொடுத்தார். அவர் கணவரிடம் கொடுத்தார். கணவர் மனைவிக்கு வைத்தார். திரும்பவும் அதே வழியில் வெப்பமானி போனது. அந்தப் பெண் இறந்துபோனார். 1929 டிசம்பரில் ‘யங் இந்தியா’வில் வெளியான கடிதம் அது. அந்த மருத்துவருக்கு நிமோனியா பற்றித் தெரியும், அது எப்படிப் பரவும் என்றும் தெரியும். ஆனால் அவர் பயந்தது நோய்க்கு அல்ல. தீட்டு எந்தத் திசையில் பரவும் என்று சாதி அவருக்குச் சொல்லியிருந்தது: எப்போதும் எங்களிடமிருந்து அவரை நோக்கி.

நோய்க்கு அந்தத் திசை தெரியாது. வேலூரில் அதை எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். 2007இல் அங்குள்ள கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 436 நர்சிங் மாணவர்களுக்குக் காசநோய்த் தொற்றுக்கான தோல் பரிசோதனை செய்தார்கள். 217 பேருக்குத் தொற்றின் அடையாளம் இல்லை. 2008இல் இவர்களில் 181 பேரை மறுபடி பரிசோதித்தபோது 14 பேருக்குப் புதிதாகத் தொற்றியிருந்தது. அதாவது ஆண்டுக்கு 7.8 சதவீதம். அந்த ஆய்வு ஒப்பிட்ட நாட்டுச் சராசரி 1.5 சதவீதம். சளி மாதிரி எடுப்பதும் நுரையீரல் காசநோயாளிகளைக் கவனிப்பதும்தான் தொற்றுக்கான முக்கிய வழிகளாகத் தெரிந்தன. தொற்று என்றால் உடனே நோய் என்று பொருளல்ல. பலருக்கு அது உடம்பில் உறங்கியே கிடக்கும். ஆனால் அது பெரும்பாலும் எங்கிருந்து வந்திருக்கும் என்பதை அந்த ஆய்வு காட்டுகிறது. வார்டிலிருந்து மாணவருக்கு. ‘வீட்டில் டி.பி. இருக்கா?’ என்று கேட்டவர், ‘வார்டில் உனக்கு என்-95 முகக்கவசம் கொடுத்தார்களா?’ என்றும் கேட்டிருக்க வேண்டும்.

வேலூர் செய்த முக்கியமான காரியம், உள்ளே வரும்போது ஒருமுறை பார்த்ததோடு நிறுத்தாமல், அடுத்த ஆண்டும் பார்த்தது. முதல் பரிசோதனை மட்டும் இருந்தால் அது வாயிற்கதவு. இரண்டாவதும் இருந்தால்தான் மருத்துவமனை தன்னால் என்ன நேர்ந்தது என்று தெரிந்துகொள்ளும். எங்கள் கல்லூரியில் மூன்று ஆண்டில் இரண்டாவது பரிசோதனை நடக்கவே இல்லை.

இதையெல்லாம் நான் புதிதாகக் கேட்கவில்லை. நர்சிங் கல்லூரிகளுக்கான இந்திய நர்சிங் கவுன்சிலின் விதிமுறைகளிலேயே ஆண்டுதோறும் மருத்துவப் பரிசோதனை, டெட்டனஸ், ஹெபடைடிஸ் பி தடுப்பூசிகள், நோயுற்றால் இலவசச் சிகிச்சை அல்லது காப்பீடு, ஒவ்வொரு மாணவருக்கும் முழுமையான உடல்நலப் பதிவேடு எல்லாம் இருக்கின்றன. கல்லூரி மாணவருக்குச் செய்துதர வேண்டியவை என்றுதான் அவை எழுதப்பட்டுள்ளன. மாணவர் கல்லூரிக்குக் கொண்டுவந்து கொடுக்க வேண்டியவையாக அவற்றை மாற்றியது யார்? அதே விதிமுறையில் ஓர் ஓட்டையும் உண்டு. நீண்டகால நோயுள்ள மாணவர் படிப்பைத் தொடரலாமா என்பதை அந்தந்த நிறுவனமே முடிவு செய்யலாமாம். ஹெபடைடிஸ் பி இருப்பது தெரிந்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று பயப்படும் பெண் எப்படி உண்மையான ரத்தத்தைக் கொடுப்பாள்?

ஹெச்.ஐ.வி. பரிசோதனையையும் சேர்த்துக் கேட்கும் கல்லூரிகள் உண்டு. படிப்பதற்கோ வேலைக்கோ ஹெச்.ஐ.வி. பரிசோதனையை நிபந்தனையாக வைக்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் ஹெச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் சட்டம் சொல்கிறது. 2018 செப்டம்பர் 10 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. ரத்தம் படக்கூடிய வேலையில் இருப்பவர்களுக்குப் பாதுகாப்புச் சாதனங்களும், ஊசி குத்தினால் தடுப்பு மருந்தும் தருவது நிறுவனத்தின் கடமை என்றும் அதே சட்டம் சொல்கிறது. நம் கல்லூரிகளுக்கு நம் ரத்தத்தைக் கேட்பது நினைவிருக்கிறது, மருந்து கொடுப்பதுதான் மறந்துபோகிறது.

‘அப்படியென்றால் பரிசோதனையே வேண்டாம் என்கிறாயா?’ என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். கட்டாயத் தடுப்பூசி என்றாலே அரசின் கண்காணிப்பு என்று பேசும் நண்பர்களும் நமக்குள் இருக்கிறார்கள். நான் அந்தப் பக்கம் இல்லை. ருபெல்லா தொற்றிய மாணவி கர்ப்பிணிகள் வார்டில் நின்றால் என்ன ஆகும் என்று படித்தவள் நான். நோயாளிக்கும் நம்மிடமிருந்து பாதுகாப்பு வேண்டும். பொய்ச் சான்றிதழ் அந்தப் பாதுகாப்பையும் சேர்த்தேதான் கெடுக்கிறது. எனக்குத் தடுப்பூசி வேண்டாம் என்பதல்ல என் வாதம். எனக்குத் தடுப்பூசி போடவே இல்லை என்பதுதான் என் புகார்.

அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. பெங்களூரில் எனக்கு மூன்றாவது தவணை முடிந்த வாரம் வீட்டுக்கு வந்தபோது அம்மாவிடம் கேட்டேன், “உனக்கு எப்பவாவது இந்த ஊசி போட்டாங்களா?”

“எனக்கெதுக்குடி? நான் என்ன நர்ஸா? குப்பை தானே அள்ளுறேன்” என்றார்.

ஒன்பது ஆண்டுகளாக நான் கழற்றிப் போடுவது போன்ற ஊசிகளை அம்மா பையில் கட்டித் தூக்குகிறார். 2016ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள், கழிவைக் கையாளும் எல்லோருக்கும் ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி போட வேண்டும், வேலையில் சேரும்போதும் பின்பு ஆண்டுக்கு ஒருமுறையும் உடல் பரிசோதனை செய்ய வேண்டும், அதைப் பதிவு செய்ய வேண்டும் என்கின்றன. அம்மாவிடம் யாரும் சான்றிதழ்கூடக் கேட்டதில்லை. என்னிடம் காகிதமாவது கேட்டார்கள். அம்மாவின் உடம்பு அந்தக் கணக்கிலேயே இல்லை. சாதி எந்த இடத்தில் கோடு போடுகிறது என்பதை எனக்கு இதைவிடத் தெளிவாக யாரும் காட்டியதில்லை.

அம்மாவுக்கு என் சம்பளத்திலிருந்து ஊசி போட்டேன். அது பாசம், நீதி அல்ல. நாம் கேட்க வேண்டியவை இவை. கல்லூரியில் சேரும் நாளிலேயே முதல் தவணை, இலவசமாக. 2018இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் சுகாதாரப் பணியாளர்களுக்குத் தடுப்பூசி உண்டு. தனியார் கல்லூரி மாணவர்களையும் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்களையும் மாவட்ட நிர்வாகம் அதற்குள் கொண்டுவரட்டும். கிருஷ்ணகிரியில் அரசு மருத்துவக் கல்லூரியே வந்துவிட்ட பிறகு, இடமில்லை, ஆளில்லை என்று சொல்ல முடியாது. மூன்று தவணை முடிந்ததும் ஆன்டிபாடி பரிசோதனை. காசநோய்ப் பரிசோதனை சேரும்போது மட்டுமல்ல, ஆண்டுதோறும். முடிவு முதலில் மாணவரின் கைக்கு. நோய் இருந்தால் சிகிச்சை, வெளியேற்றம் அல்ல. ஊசி குத்தினால் கேள்வி கேட்காமல் மருந்து.

இதைப் படிக்கும் நர்சிங் மாணவர்கள் யாராவது என்னைப் போல ஒரு காகிதத்தைப் பையில் வைத்திருந்தால், அவமானப்பட வேண்டாம், ஒளிக்கவும் வேண்டாம். இன்றைக்கே போய் முதல் ஊசியைப் போட்டுக்கொள்ளுங்கள். பிறகு நான்கு பேராகச் சேர்ந்து பிரின்சிபால் அறைக்குப் போய், விதிமுறைப்படி உங்களுக்கு இருக்க வேண்டிய உடல்நலப் பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் வார்டைப் பெருக்கும் அக்காவின் பெயர் தடுப்பூசிப் பட்டியலில் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.